ரேவதி அத்தையும் மேற்கே ஊற்றும் தண்ணீரும்

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். போனில் படம் பிடிக்காதீர்கள். அப்பாவைத் தெரிந்தவர் என்றால் படித்த மாதிரியே காட்டிக்கொள்ள வேண்டாம். ரேவதி அத்தையைத் தெரிந்தவர்களுக்காக மட்டும்தான் எழுதுகிறேன். அவரோடு கம்பெனியில் வேலை செய்தவர்கள், அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவர்கள், அவர் சிரித்தால் கட்டிங் டேபிள் வரைக்கும் கேட்கும் என்று தெரிந்தவர்கள்.

கம்பெனியில் அத்தைக்காக ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறார்கள். என்னையும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதியதை அப்பா வாங்கிப் படித்தார். பேனா எடுத்து முக்கால்வாசியை அடித்தார். "அன்பானவங்க, உழைப்பாளி, எல்லாருக்கும் உதவி செஞ்சாங்க. அப்படி எழுது சாமி, போதும்" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்தால் அத்தை, "இது எந்த ரேவதி?" என்று கேட்பார்.

நாளைக் காலை எங்கள் வீட்டில் என் அக்கா திவ்யாவுக்கு உப்புச் சர்க்கரை மாற்றுகிறார்கள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் கை மாற்றிக்கொண்டால் எங்கள் பக்கம் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு யாரும் மாற மாட்டார்கள். அதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று அத்தை நினைத்தார். அது அத்தைக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அத்தை போய்விட்டார். அப்பா சொல்ல மாட்டார்.

செய்தி வந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன். ஆபீசிலிருந்து ஆள் வந்து பையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வெளியே எங்கள் டிரைவர் அண்ணன் காரோடு நின்றார். "அத்தைக்குக் கொஞ்சம் ஒடம்பு செரியில்லீங் பாப்பா. ஒண்ணும் பயமில்லீங்" என்றார். அவிநாசி ரோட்டில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் இடம் வந்தது. கார் திரும்பவில்லை. நேராக வீட்டுக்குப் போனது. வாசலில் பந்தல்காரர்கள் டெம்போவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நாற்காலிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்று அவரே சொல்வார். அன்று சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாம்பிள் பிரிவில் இருக்கும் கவிதா அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர்தான் தண்ணீர் கொடுத்தவர். பதினாறாம் நாள் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு மடக்குக் குடிச்சாவ. 'ஸ்லீவ் நீளம் சரியில்ல கவிதா, திருப்பி அனுப்பு'ன்னாவ. அவ்வளவுதாம்மா. அதுக்குப் பொறவு பேசவே இல்ல." சொல்லிவிட்டு அழுதார். நான் சிரித்துவிட்டேன். பிறகு நானும் அழுதேன்.

எல்லாம் தொடங்கியது ஓர் ஆஸ்திரேலியாக்காரரால்தான். கம்பெனிக்குக் குழந்தைகள் பனியன் ஆர்டர் கொடுக்க வந்த பெரியவர். அவருடைய அண்ணன் தம்பிகள் இன்னும் கோதுமை போட்டு, செம்மறியாடு வளர்க்கிறார்களாம். மதியம் சாப்பிடும்போது போனை எடுத்து அத்தைக்குப் படம் காட்டியிருக்கிறார். அவர்கள் தோட்டத்துக்குள்ளேயே, கம்பி வேலிக்குப் பின்னால், குடும்பத்தாரின் கல்லறைகள். முதலில் கப்பலில் வந்தவர், அவர் மகன், அவர் மகன் என்று வரிசையாகப் பெயர் சொல்லியிருக்கிறார். ஒரு கல்லில் மட்டும் இன்னாரின் மனைவி என்று இருந்தது. பெயர் இல்லை. "இவள் பெயரைத்தான் இன்னும் தேடுகிறோம்" என்றாராம். பிறகு, "நீங்களும் விவசாயக் குடும்பம்தானே, உங்கள் முன்னோர் யார்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எந்த ஸ்டைலுக்கு என்ன பட்டன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் கண்ணு. எங்கப்பாருக்கு அப்பன் பேரு என்னன்னு கேக்கறான், முழிக்கறேன். அந்தாளு ஆடு மேய்ச்ச பாட்டனுக்கெல்லாம் பேர் சொல்றான். நம்ம என்னமோ ஆண்ட பரம்பரையாமா!" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து, "பேர் தெரிஞ்சு என்னங்க பண்றது? ரேசன் கார்டுல சேக்கவா?" என்றார்.

"சேத்தா அரிசியாச்சும் வரும்" என்றார் அத்தை.

அந்த ஞாயிறே குண்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனார். என்னையும் ஏற்றிக்கொண்டார். அவருக்கு ஒருவர் கூட வர வேண்டும், பேசிக்கொண்டே போக. எனக்கு வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். பல்லடம் ரோட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போகும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு, "நிறுத்துங்கத்தை" என்று கத்துவேன். "நின்னாத்தான் இடிப்பான். பயந்துட்டே போ கண்ணு, நிக்காத" என்பார். அதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை. லாரிக்காகத்தான் சொன்னார்.

ஊரில் விசாரித்ததில் அத்தையின் தாத்தா பெயர் கிடைத்தது. அவருக்கு அப்பா பெயரும் கிடைத்தது: சின்னமுத்து. அவரை ஒத்தக்கடுக்கன் என்று சொன்னால்தான் கிழவர்களுக்குத் தெரிகிறது. ஒரு காதில் மட்டும் கடுக்கன் போட்டவர். அது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிச் சிரிக்கும் கதை. கடுக்கனில்கூட ஒன்றை மிச்சம் பிடித்த கஞ்சப்பிசினாரி, அதனால்தான் நிலம், காடு என்று சேர்ந்தது என்பார்கள். அப்பா தன் நிட்டிங் யூனிட்டில் யாராவது நூலை வீணாக்கினால், "நாங்க ஒத்தக்கடுக்கன் வம்சமுங்க" என்று பெருமையாகவே சொல்வார். அந்த ஒத்தக்கடுக்கனுக்கு அப்பா யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய அம்மா பெயரை நாங்கள் கேட்டபோது ஒரு கிழவர், "பொம்பளை பேரெல்லாம் யாரு அம்முணி வெச்சிருப்பாங்க" என்று சிரித்தார்.

அத்தைக்கு அது கோபம். அவருக்கே அது சொந்தப் பிரச்சினை. எங்கள் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்தால், வந்திருக்கும் குடும்பங்களுக்கெல்லாம் தனித்தனியாகக் கூறு போடுவார்கள். கல்யாணமான ஆண் ஒருவருக்கு ஒரு கூறு. அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அப்பா போய் வாங்குவார். அத்தை அப்பாவின் கூறிலும் கணக்கில்லை. கட்டிக்கொண்டு போன இடம் என்று ஒன்றும் இல்லை. "நான் எந்தக் கூறுலயும் வரமாட்டேன். அதனாலதான் எல்லார் கூறையும் எண்ணறேன்" என்று சிரிப்பார். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்ப்பார்.

அதே கோயிலில்தான் அவர் இன்னொன்றைக் கவனித்தார். எங்கள் வீட்டில் நல்லதோ கெட்டதோ, சாமிக்குப் படைக்கும் முன்னால் மேற்கே திரும்பி ஒரு கை தண்ணீர் ஊற்றுவார்கள். அப்பா ஊற்றுவார், அவருக்கு முன் தாத்தா ஊற்றியிருக்கிறார். சாமி கிழக்கே இருக்கும். மற்ற குடும்பங்கள் நேராகக் கும்பிட்டுவிட்டுப் போய்விடும். எங்கள் வீட்டார் மட்டும் சாமிக்கு முதுகைக் காட்டி ஒரு கை தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்புவார்கள். சிறு வயதிலிருந்து பார்த்த எனக்கு அது பல் துலக்குவது மாதிரி. அத்தை மட்டும்தான், "மேக்க யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

படியில் ஏதோ சத்தம். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். தண்ணீர் மோட்டார்தான். கீழே நடுக்கூடம் நிறைய நாளைய விசேஷத்துக்கு வந்த ஒறம்பரை படுத்திருக்கிறார்கள்.

மேற்கே தேடினோம். குண்டடத்திலிருந்து காற்றாலைகள் நிற்கும் பக்கமாக, ஊர் ஊராக. வீட்டில் எனக்கு டெஸ்ட் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம். கோயில் கண்ட இடத்தில் அத்தை வண்டியை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்பார்: "உங்க கூட்டத்துல எப்பவாச்சும் யாராச்சும் கெழக்க போயிட்டாங்களாங்க?"

"கெழக்க யாரும் போகலீங்க. எல்லாரும் வடக்கதான் போயிட்டாங்க, பனியன் தைக்க" என்றார் ஒருவர். இன்னொருவர் அத்தையைத் தாசில்தார் ஆபீசு என்று நினைத்துக்கொண்டு பட்டாவை எடுத்து வந்துவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு சின்னக் கோயிலில் பொங்கல் நடந்துகொண்டிருந்தது. கரும்புச் சோகையும் புகையுமாக இருந்தது. வாழையிலைகளில் கூறு போட்டு வரிசையாக வைத்து, ஒரு பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஓர் இலை மிஞ்சியது. பெரியவர் கிழக்கே திரும்பி நின்று சத்தமாகக் கூப்பிட்டார்: "பாவாயி கூறு!"

யாரும் வரவில்லை. எல்லோரும் சும்மா நின்றார்கள். பிறகு பெரியவர் அந்த இலையைக் கொண்டுபோய்க் கோயிலின் கிழக்கு மூலைக் கல்லில் வைத்தார். சனம் கலைந்தது.

அத்தை அவரிடம் போனார். "யாருங்க பாவாயி?"

"அவிய போயிட்டாங்க அம்முணி."

"எப்பங்க?"

"என்ர அப்பாரே பார்த்ததில்லீங்க. அவ்வளவு காலமாச்சு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதை மாதிரி சொன்னார். "புருசன் செத்துப் போயிட்டான். கைப்புள்ளை. இதே கோயில்ல காது குத்து வெச்சாங்க. தாய்மாமன் மடியில புள்ளைய உக்கார வெச்சு ஒரு காது குத்தியாச்சு. இன்னொரு காது குத்தறதுக்குள்ள காட்டுப் பங்குல பேச்சு வந்துருச்சு. பங்காளிக வாய விட்டுட்டாங்க. தாலியறுத்தவ புள்ளைக்கு எதுக்குக் கடுக்கன்னு ஒருத்தன் கேட்டானாமா. அவ ஒரு வார்த்தை பேசலீங்க. புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சா. அண்ணன் பின்னாலயே கெழக்க போயிட்டா. அப்புறம் மழையில்லாமப் போயி ஊரே காஞ்சு கெடந்துச்சாமா. அவ வயிறெரிஞ்சதுதான்னு சொல்லி, அன்னையிலருந்து கூறு எடுத்து வெக்கறம்."

அத்தை என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. "ஒரு காதுங்களா? எந்தக் காதுங்க?"

"அதைக் கேட்டீங்களே! நான் பக்கத்துல நிக்கலீங்களே அம்முணி" என்று அவர் சிரித்தார். பிறகு, "நீங்க எந்த ஊருங்க?" என்றார்.

"திருப்பூருங்க" என்று மட்டும் சொன்னார் அத்தை. கிழக்கு மூலைக் கல்லில் இருந்த இலையைக் காட்டி, "அதை யாருக்குங்க குடுப்பீங்க?" என்று கேட்டார்.

"பொழுது எறங்குனா மாட்டுக்கு வெச்சுருவம். ஆளு வந்தா ஆளுக்குத்தான்."

திரும்பி வரும்போது ஒரு காற்றாலைக்கு அடியில் வண்டியை நிறுத்திவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளேயே அழுதார். "கஞ்சப்பிசினாரின்னு சிரிச்சமே கண்ணு. இத்தனை வருசம் சிரிச்சமே" என்றார். கொஞ்சம் பொறுத்து அவருக்கே சிரிப்பு வந்தது. "பொண்ணு பேர்ல ஒரு கூறு! இந்த ஜில்லாவுலயே இது ஒண்ணுதான் இருக்கும். அதையும் மாடு தின்னுட்டு இருக்குது."

எனக்குக் கதை புரிந்தது: அந்தக் கைப்புள்ளைதான் எங்கள் ஒத்தக்கடுக்கன். பாவாயியின் அண்ணன் வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளையை மாமனின் கூட்டத்தோடேயே, அதாவது குலத்தோடேயே, சேர்த்துக் கணக்கு வைத்துவிட்டார்கள். அவர் பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள், நாங்கள் எல்லோரும் மாமன் கோயிலிலேயே கூறு வாங்கிவிட்டோம். பாவாயி மட்டும் புருசன் இருந்த திசைக்கு ஒரு கை தண்ணீர் விட்டிருக்கிறாள். மகன் பார்த்து விட்டிருக்கிறார். ஏன் என்று யாரும் கேட்காமல் தண்ணீர் மட்டும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. அங்கே அவர்கள் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப ஊட்டுல சொல்லாத. உங்கப்பன் பஞ்சாயத்து வெச்சுருவான். அடுத்த பொங்கலுக்கு எல்லாரையும் வேன்ல ஏத்திட்டு வந்து, அந்தப் பெரியவரு கூப்புடறப்ப நேராப் போயி கைய நீட்டறேன்" என்றார் அத்தை. அதை நினைத்து நினைத்து ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தார். எங்கள் முன்னோரிலும் ஒரு பெண்ணின் பெயரைத் தேடுவதாக ஆஸ்திரேலியாக்காரருக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அவர் அனுப்பிய இரங்கல் மெயிலில், "அந்தப் பெண்ணின் பெயர் உங்களுக்குக் கிடைத்ததா என்று கேட்க நினைத்திருந்தேன்" என்று ஒரு வரி இருந்ததாம். கம்பெனியில் யாருக்கும் அது புரியவில்லை. கவிதா அக்கா என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

பிறகு அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மங்கலத்தில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை நல்லவர். அக்காவுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் கேசரித் தட்டை நீட்டிய விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. பேச்சுவாக்கில் மாப்பிள்ளையின் பெரியப்பா, "எங்க கோயிலு மேக்கயிங்க, காத்தாலைக்குப் பக்கத்துல. சின்னக் கோயிலு, ஆனா ரொம்பச் சக்தி" என்று ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"எந்தக் கோயிலுங்க?" என்றார் அத்தை.

அவர் மறுபடியும் சொன்னார். அத்தை தலையை ஆட்டிவிட்டு அவருக்கே இரண்டாம் தடவையும் கேசரி வைத்தார். மூன்றாவதும் வைக்கப் போனார். "போதுங்க அம்முணி, சுகர் இருக்குதுங்க" என்று அவர் தட்டை மூடிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரே கோயிலில் கூறு வாங்குகிறவர்கள் பங்காளிகள். அண்ணன் தங்கை முறை. கல்யாணம் செய்ய மாட்டார்கள். பாவாயி கூறு வைக்கும் அந்தக் கோயில்தான் எங்கள் கோயிலும் என்றால், மாப்பிள்ளை அக்காவுக்கு அண்ணன் முறை.

அன்று அவர்கள் போன பிறகு மொட்டை மாடியில் அத்தை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் மாடிப்படியில் இருந்தேன். அப்பா, "வேற யாருகிட்டயாச்சும் சொன்னயா?" என்று கேட்டார்.

"நான் கல்யாணத்த நிறுத்தச் சொல்லலீங்ணா. எத்தனை தலைமுறை ஆயிருச்சு. திவ்யாவுக்குத் தெரியட்டும், அவ்வளவுதான். தெரிஞ்சும் அவ சரின்னா நானே முன்னால நின்னு உப்புச் சக்கரை மாத்தறேன்."

"தெரிஞ்சா எப்படி அம்முணி பண்றது? தெரியாம இருந்தாத்தான பண்ண முடியும்?"

"அவ அந்தக் கோயில்ல மருமகளாப் போயி நிப்பாளுங்ணா. அவ முன்னாலயே பாவாயி கூறுன்னு கூப்புடுவாங்க. அவ பாட்டுக்கு வேடிக்கை பாத்துட்டு நிக்கணுமா?"

அப்பாவின் குரல் உடைந்தது. அவர் கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம். "நாளைக்கு நம்ம கோயில்ல, இது உன்ர எடமில்ல எந்திரின்னு சொன்னா நான் எங்க போயி நிப்பேன்? நம்ம ஊட்டுக்கு வந்த பொம்பளைக எல்லாம் எந்த முறையில வந்தாங்கன்னு ஊரே கணக்குப் போடும். ஒரே நாள்ல நாம யாருன்னே இல்லாமப் போயிரும் அம்முணி."

"நாம பாவாயி பேரம்பேத்திக. அது போதாதுங்களாண்ணா?"

"ஒனக்குப் போதும். நீ ஒத்தையாளு."

அத்தை படியில் என்னைத் தாண்டி இறங்கிப் போனார். நான் இருந்ததை அவர் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் அத்தை அக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே நடந்தார். பார்த்தால் சொல்லிவிடுவார். அண்ணனுக்குக் கொஞ்சம் நாள் கொடுத்திருந்தார் என்று நினைக்கிறேன். அவருக்குத்தான் நாள் இல்லாமல் போனது.

துக்கம் நடந்த வீட்டில் சீக்கிரம் ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று சொல்லி, அப்பா உப்புச் சர்க்கரை மாற்றும் நாளை முன்னால் இழுத்துவிட்டார். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அத்தை சொன்னதெல்லாம் அத்தையோட போகட்டும் சாமி. வெளிய வந்தா உங்கக்கா வாழ்க்கை போயிரும். அது உன்னாலன்னு ஆயிரும்." அவர் அடித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து யார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுகிறேன். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று கதவைத் தாழிட்டுத்தான் படுக்கிறேன்.

ஆனால் பதினாறாம் நாள் நடந்ததையும் எழுத வேண்டும். அத்தையின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தார்கள். அப்பா கையில் தண்ணீர் எடுத்தார். எப்போதும் போலப் படத்துக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினார். திரும்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. கை அப்படியே நின்றது. தண்ணீர் விரல் சந்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவின் அண்ணன், "ஊத்துங்க மாப்பிள்ளை" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. பிறகு ஊற்றினார். மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார். பாவாயிக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கு என்று தெரிந்து ஊற்றிய முதல் ஆள் அப்பாதான்.

இன்று சாயங்காலம் அக்காவுக்கு மருதாணி வைத்தார்கள். கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று என்னிடம், "அத்தைக்கு இந்த மாப்பிள்ளைய புடிக்கலையாடி? கடேசி வாரம் என் மூஞ்சியவே பாக்கல. நான் என்ன பண்ணுனேன்?" என்றாள். கண்ணைத் துடைக்க முடியாமல் மருதாணிக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் என் தாவணியால் துடைத்துவிட்டேன். தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு மேலே ஓடி வந்துவிட்டேன். இது அத்தையின் அறை. இப்போது நான் படுக்கிறேன்.

அத்தையைத் தெரிந்தவர்களே, உங்களிடமும் அவருடையது ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது அவருடைய ஹெல்மெட். உள்ளே இன்னும் அவர் தேய்க்கும் எண்ணெய் வாசனை இருக்கிறது. இந்த ஜன்னல், மேற்குப் பார்த்தது. அவர் போன பிறகு காலையில் யாரும் எழும் முன் இதன் வழியாக ஒரு கை தண்ணீர் விடுகிறேன், பாவாயிக்கும் அவருக்கும் சேர்த்து. பாவாயி என்ற பெயர் என்னிடம் இருக்கிறது. லாரிக்குப் பயந்து நான் கத்தும்போது அவர் சொல்வதும் இருக்கிறது. ஆனால் அவர் அக்காவிடம் சொல்லாமல் விட்டதும் என்னிடம்தான் இருக்கிறது. அது என்னுடையது இல்லை. அதை நான் வைத்துக்கொள்ள

கதவைத் தட்டுகிறார்கள்.

விளக்கை அணைக்கவில்லை. கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்திருக்கும். அப்பாவாக இருந்தால் இருமுவார். இருமல் இல்லை. வளையல் சத்தம். "ஏண்டி, நீயும் தூங்கலையா? கதவத் தெற. ஒண்ணு கேக்கணும்."

அக்கா.

தாள்களை மெத்தைக்கு அடியில் தள்ளிவிடலாம். யாரிடமும் காட்டாதீர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை அடிக்க நேரமில்லை. பயந்துகொண்டேதான் எழுந்திருக்கிறேன். தாள்கள் கையில்தான் இருக்கின்றன, தாழ்ப்பாளை